பார்சிலோனாவில் இரண்டு அரங்குகள்

2022 மார்ச் கடைசியில், துபாய் எக்ஸ்போ முடியச் சில நாட்களே இருந்தபோது, தம்பி குடும்பத்தோடு அங்கே இந்திய அரங்குக்குப் போயிருந்தேன். நாலு மாடிக் கட்டடம். வெளிச்சுவர் முழுக்க 600 வண்ணப் பலகைகள், ஒவ்வொன்றும் சுழலக்கூடியது. தூரத்தில் இருந்து பார்க்க அழகாகவே இருந்தது. உள்ளே விண்வெளி, யோகா, ஆயுர்வேதம், முதலீட்டுக்கான அழைப்பு என்று திரை திரையாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மகளுக்கு அப்போது எட்டு வயது. ஷார்ஜாவில் பிறந்து வளர்பவள். இந்தியா என்றால் அவளுக்கு விடுமுறைக்குப் போய்வரும் மதுராந்தகம், கொல்லைக் கிணறு, பாட்டி. எல்லா மாடியும் பொறுமையாகப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, இதுல பாட்டி வீடு எங்க இருக்கு?"

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கட்டட வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் கல் எது, பூச்சு எது, தூண் எதைத் தாங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கட்டடம் என்ன சொல்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் கேட்ட பிறகுதான் உலகக் கண்காட்சிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த மாதிரி இடம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. சின்ன வயதில் அப்பா வருடாவருடம் எங்களை ரயிலேற்றிச் சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போவார். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் அரசுத் துறை அரங்குகள் வரிசையாக நிற்கும். குட்டி பல்புகள் எரியும் அணை மாதிரி ஒன்றில், பொம்மைப் புலி நிற்கும் காடு இன்னொன்றில். அரசாங்கம் தன்னைப் பற்றித் தன் மக்களிடம் சொல்லிக்கொள்கிற இடம் அது. உலகக் கண்காட்சியில் ஒரு நாடு அதே வேலையை அயலார் முன்னால் செய்கிறது. சொந்தக்காரர்கள் முன்னால் பேசுவதற்கும் ஊரார் முன்னால் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு, இல்லையா?

முதல் பெரிய கண்காட்சி 1851-ல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்தது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த ஒரே கண்ணாடிக் கூரைக்குக் கீழே எல்லா நாடுகளும் இடம்பிடித்தன. இந்தியாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் அதை ஏற்பாடு செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. இரண்டு வருடம் முன்பு பஞ்சாபில் இருந்து எடுத்துப்போன கோகினூர் வைரம் காட்சிக்கு இருந்தது. அலங்காரமான ஓர் அம்பாரியும் இருந்தது. அம்பாரியைத் தூக்கிவைக்க ஒரு யானை வேண்டும் அல்லவா? இங்கிலாந்தின் சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூர் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்திருந்த ஒரு யானையைக் கடன் வாங்கி வந்து நிறுத்தினார்கள். அது ஆப்பிரிக்க யானை. இந்தியா என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டப்பட்ட அந்த யானையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. உன்னைப் பற்றி இன்னொருவன் சொல்லும்போது, உன் யானைகூட உன் யானையாக இருக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

1867 பாரிஸ் கண்காட்சியில் நாடுகள் பெரிய மண்டபத்துக்கு வெளியே, பூங்காவில், தனித்தனிக் கட்டடங்கள் எழுப்ப ஆரம்பித்தன. இப்படிப்பட்ட அரங்கைக் குறிக்கும் பெவிலியன் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் பட்டாம்பூச்சியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. விரித்துக் கட்டிய கூடாரம் சிறகு மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர். சில மாதம் நின்றுவிட்டுப் பிரிக்கப்படும் கட்டடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

1900 பாரிஸ் கண்காட்சியில் சேன் நதிக்கரை ஓரமாக நாடுகளின் வீதி என்றே ஒன்று இருந்தது. அதில் பின்லாந்துக்கு ஓர் அரங்கு. அப்போது பின்லாந்து ஒரு தனி நாடே இல்லை. 1809-ல் இருந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஒரு பகுதி. முந்தின வருடம், 1899 பிப்ரவரியில்தான், ஜார் மன்னர் அதன் தன்னாட்சியை வெட்டும் ஆணையைப் பிறப்பித்திருந்தார். அதை எதிர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவை அவர் வாங்கக்கூட மறுத்துவிட்டார். அடுத்த வருடம் அந்த மக்கள் பாரிஸில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கெசெலியுஸ், லிண்ட்கிரென், சாரினென் என்று மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள். கிராமத்துத் தேவாலயம் போன்ற வடிவம், அதில் தங்கள் காட்டுக் கரடி, அணில். உள்ளே மேற்கூரையில் அக்செலி கல்லேன்-கல்லெலா தங்கள் நாட்டார் காவியமான காலேவலாவில் இருந்து சுவரோவியங்கள் வரைந்தார். அதில் ஒன்றில் இல்மரினென் என்ற கொல்லன் பாம்புகள் நெளியும் வயலை உழுகிறான். பாம்பு யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வேண்டியவர்களுக்குப் புரிந்தது. கண்காட்சி முடிந்து அரங்கைப் பிரித்தபோது ஓவியங்களும் போயின. பின்லாந்து 1917-ல் தனி நாடான பிறகு, 1928-ல், அதே ஓவியர் ஹெல்சின்கி தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றை மறுபடி வரைந்தார்.

நாடு இல்லாதவர்கள் ஒரு கட்டடத்தால் முன்கூட்டியே நாடாக நின்றார்கள் என்பது என்னைத் தூங்கவிடாத விஷயம். தமிழ் படிப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சரி, பார்சிலோனாவுக்கு வருகிறேன். போன அக்டோபரில் வேலை விஷயமாக ஒரு வாரம் அங்கே போக வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு முழு நாள் கையில் மிஞ்சியது. ஒரே ஊரில் இரண்டு பழைய அரங்குகள் மறுபடி கட்டப்பட்டு நிற்கின்றன என்று படித்திருந்தேன். ஒன்று 1929-ல் ஜெர்மனி அங்கேயே கட்டியது. இன்னொன்று 1937-ல் ஸ்பானியக் குடியரசு பாரிஸில் கட்டியது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று காலையில் கிளம்பினேன்.

முதலாவது மொன்ஜுயிக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர்களான மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைஷும் செய்தது. படியேறி மேடைக்கு வந்ததும் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி. அப்புறம் ஒரு தட்டையான வெள்ளைக் கூரை, அதைத் தாங்கும் எட்டு மெல்லிய குரோம் தூண்கள், கூரையின் பாரத்தைச் சுமக்காமல் தன்போக்கில் நிற்கும் சுவர்கள். தரையெல்லாம் டிராவர்டைன் கல். சுவர்களில் பச்சைப் பளிங்கு, பலகை பலகையாக அறுத்துப் புத்தகம் விரித்த மாதிரி ரேகையோடு ரேகை சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதை புக் மேட்ச் என்போம். ரேகை ஒரு நூல் விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் அந்தச் சுவர்கள் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். எங்கும் விலகவில்லை.

நடுவில் பொன்னிறமும் பழுப்புமாக ஒரு ஓனிக்ஸ் சுவர். அந்தக் கல்லைப் பற்றி மீஸே பின்னாளில் சொன்ன கதை உண்டு. குளிர்காலத்தில் சுரங்கத்தில் இருந்து கல் வெட்டி எடுக்க முடியாது, ஈரம் காய நேரம் வேண்டும். அதனால் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் கல்லைத் தேடி, ஒரு கிடங்கில் இந்த ஓனிக்ஸ் கட்டியைக் கண்டுபிடித்தார். அதன் உயரத்தை இரட்டித்துத்தான் அரங்கின் உயரம் முடிவானது. கிடைத்த கல்லை வைத்துக் கட்டடத்தின் அளவையே தீர்மானிப்பது எப்படிப்பட்ட துணிச்சல் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாங்கள் எப்போதும் அளவைப் போட்டுவிட்டுக் கல்லைத் தேடி அலைகிறவர்கள்.

அரங்குக்குள் காட்சிப் பொருள் எதுவும் இல்லை. 1929-லும் அநேகமாக இல்லை. இயந்திரம் இல்லை, வரைபடம் இல்லை, தலைவர் படம் இல்லை. ஸ்பெயின் அரசரையும் அரசியையும் வரவேற்பதற்கு வைத்த நாற்காலிகள், சின்னத் தொட்டியில் கியோர்க் கோல்பெயின் ஒரு பெண் சிலை, ஒரு சிவப்புத் திரை, ஒரு கறுப்புக் கம்பளம். அவ்வளவுதான். கம்பளத்தின் கறுப்பு, திரையின் சிவப்பு, ஓனிக்ஸின் பொன். மூன்றும் சேர்ந்தால் அன்றைய ஜெர்மன் குடியரசின் கொடி. அந்தக் கொடியை ஜெர்மனியிலேயே பலர் வெறுத்தார்கள், பழைய பேரரசின் கொடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அது கம்பத்தில் பறக்கும் துணியாக இல்லாமல் அறையின் நிறமாகக் கரைந்து நிற்கிறது.

முதல் உலகப் போரில் தோற்று, ஊரெல்லாம் சந்தேகத்தோடு பார்த்த ஒரு நாடு, பதினோரு வருடம் கழித்து அயலூருக்கு வந்து ஒரு வெற்று அறையைத் திறந்து காட்டுகிறது. எங்களிடம் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, உள்ளே வாருங்கள், தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது என்கிறது. எனக்கு அது உண்மையான பேச்சாகத்தான் பட்டது. நின்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்தப் பேச்சின் மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் சார்பில் அந்தக் கண்காட்சிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கியோர்க் ஃபான் ஷ்னிட்ஸ்லர், ஐ.ஜி. ஃபார்பென் என்ற ரசாயனத் தொழில் குழுமத்தில் பெரிய பதவியில் இருந்தவர். தெளிவும் எளிமையும் நேர்மையும் தவிர வேறெதையும் நாங்கள் விரும்பவில்லை என்ற பொருளில் அன்று அவர் பேசினார். அதே மனிதர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆக்கிரமித்த நாடுகளின் தொழிற்சாலைகளைக் கொள்ளையடித்த குற்றத்துக்காக நியூரம்பெர்க் வழக்கில் 1948-ல் ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். மீஸும் முழுக்க விலகி நின்றுவிடவில்லை. 1935 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஜெர்மனிக்கு அரங்கு வடிவமைக்க ஹிட்லர் ஆட்சி 1934-ல் போட்டி வைத்தபோது அவர் வரைபடம் அனுப்பினார், ஸ்வஸ்திகாக் கொடியும் கழுகும் அதில் இருந்தன. அது ஏற்கப்படவில்லை, கடைசியில் ஜெர்மனி அந்தக் கண்காட்சியில் கலந்துகொள்ளவே இல்லை. 1938-ல் அவர் அமெரிக்கா போய்விட்டார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த அறை பொய்யாகிவிட்டதா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஆகவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அரங்கு ஒரு நாட்டின் படம் இல்லை. அந்த வருடம் அந்த நாட்டில் சிலர் என்ன ஆக ஆசைப்பட்டார்கள் என்பதன் அடையாளம். ஆசை தோற்றுப்போனால் அது பொய் ஆகிவிடாது. அந்த அரங்கை 1930 தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. 1983-ல் தொடங்கி 1986-க்குள் ஸ்பானியக் கட்டடக் கலைஞர்கள் மூவர் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். அதன் நிறத்தையே பலர் அப்போதுதான் முதல்முறை பார்த்தார்கள்.

ஜெர்மனியின் அடுத்த பெரிய அரங்கு 1937-ல் பாரிஸில். ஐஃபெல் கோபுரத்துக்கு எதிர்க்கரையில், நதியைப் பார்த்தபடி, இரண்டு அரங்குகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் கட்டிய ஜெர்மன் கோபுரம், உச்சியில் ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு. எதிரே போரிஸ் இயோஃபானின் சோவியத் அரங்கு, அதன் தலைமேல் வேரா முகினா செய்த துருப்பிடிக்காத எஃகுச் சிலை: சுத்தியும் அரிவாளும் உயர்த்தி முன்னால் பாயும் தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும், இருபத்து நாலு மீட்டருக்கும் மேல் உயரம். பாரிஸுக்கு வந்திருந்தபோது சோவியத் அரங்கின் ரகசிய வரைபடம் இருந்த அறைக்குள் தற்செயலாகப் போய்விட்டதாகவும், அந்தச் சிலையின் பாய்ச்சலைத் தடுத்து நிறுத்துவது போலத் தன் கோபுரத்தை வடிவமைத்ததாகவும் ஸ்பியர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் உயரம், எடை, மேலே ஒரு சின்னம். பார்க்க வந்தவரிடம் கேட்க எதுவும் இல்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். அருகிலேயே ஒரு சமாதானத் தூணும் எழுப்பியிருந்தார்கள். இரண்டே வருடத்தில் போர் வந்துவிட்டது.

அந்த ஜெர்மன் கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் ஸ்பானியக் குடியரசின் அரங்கு. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. கையில் பணம் இல்லை, நேரம் இல்லை, நாட்டில் பாதி கையை விட்டுப் போயிருந்தது. கண்காட்சி மே 25 அன்று திறந்தது. இவர்களுடைய அரங்கு ஜூலை 12 அன்றுதான் திறந்தது.

அந்த அரங்கைப் பார்க்கப் போகும் முன் குன்றின் மேலேறி, ஓவியர் ஜுவான் மிரோ பெயரிலான அறக்கட்டளையின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். காரணம் ஒரு நீரூற்று. உண்மையில் பாதரச ஊற்று. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1937 அரங்குக்காகச் செய்தது, இப்போது அங்கே கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. பாதரச ஆவி நஞ்சு என்பதால் கண்ணாடி. ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கம் பாதரசத்துக்கு உலகப் புகழ்பெற்றது. குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் படை அதைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்த நேரம் அது. ஊற்றில் வெள்ளி நிறத்தில் பாதரசம் தகடு தகடாக வழிந்து, ஒரு மெல்லிய கம்பியைத் தட்டி அசைக்கிறது. கம்பியின் மேல்முனையில் அல்மதேன் என்ற பெயர் கம்பியாலேயே எழுதப்பட்டு ஆடுகிறது. நாங்கள் எதைக் காக்கப் போராடுகிறோம் என்பதை ஓர் ஊரின் பெயரையும் அந்த ஊர் மண்ணில் இருந்து வரும் உலோகத்தையும் வைத்துச் சொல்லிவிட்டார்கள். சத்தமே இல்லாத ஊற்று. நான் ரொம்ப நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். இந்த அருங்காட்சியகத்தைக் கட்டியவர் ஜோசெப் லுயிஸ் செர்ட். 1937-ல் லூயிஸ் லகாஸாவோடு சேர்ந்து ஸ்பானிய அரங்கைக் கட்டியவரும் அவர்தான். போரில் குடியரசு தோற்றதும் நாட்டை விட்டுப் போய், அமெரிக்காவில் ஹார்வர்டில் கட்டடக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தார். இந்த அருங்காட்சியகம் 1975-ல் திறந்தது, பிராங்கோ இறந்த அதே வருடம். பாரிஸ் அரங்கில் இருந்த ஊற்று அதைக் கட்டியவரின் இன்னொரு கட்டடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மதியத்துக்கு மேல் மெட்ரோவில் மூன்றாம் தடம் பிடித்து ஊரின் வடக்கு ஓரத்துக்குப் போனேன். மொன்பாவ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். அது சுற்றுலாப் பயணிகள் வரும் பகுதி இல்லை. அடுக்குமாடி வீடுகள், அகலச் சாலை. கிளாஸ் ஓல்டன்பர்க்கின் தீக்குச்சிப் பெட்டிச் சிற்பம் ஒன்று ராட்சத அளவில் நிற்கும். அதன் பக்கத்திலேயே சாம்பலும் சிவப்புமாக ஒரு சாதாரணக் கட்டடம். 1992-ல், ஒலிம்பிக் நடந்த வருடம், இதை மறுபடி கட்டினார்கள். இப்போது பல்கலைக்கழக நூலகம். உள்நாட்டுப் போரைப் பற்றிய புத்தகங்களும் ஆவணங்களும் உள்ளே இருக்கின்றன.

தொழில்காரனாகப் பார்த்தால் இது மீஸின் கட்டடத்துக்கு முன்னால் ஏழை. எஃகுச் சட்டம், இலேசான பலகை, ஒரு திறந்த முற்றம், வெளியே ஒரு சாய்தளம், ஒரு படிக்கட்டு. எங்கும் விலையுயர்ந்த கல் கிடையாது. அவசரமாகப் பூட்டிப் பிறகு அவசரமாகக் கழற்றக்கூடிய வேலை. ஆனால் மனிதர்களை எந்த வழியாக நடக்கவைப்பது என்று யோசித்தவர்களின் கை அதில் தெரிகிறது. 1937-ல் உள்ளே வந்தவர் முதலில் கீழ்த்தளத்தில் பிக்காஸோவின் குவெர்னிகா முன்னால் நிற்க வேண்டும். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். குவெர்னிகா ஸ்பெயினில் ஓர் ஊர். அதன்மேல் அந்த வருடம் ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பிக்காஸோ மே 1 அன்று வரைய ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அந்தச் சுவருக்கு என்ன வரைவது என்று மாதக்கணக்கில் முடிவு செய்யாமல் இருந்தவர். அதே தளத்தில்தான் கால்டரின் ஊற்று. முந்தின வருடம் சுட்டுக்கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவின் படமும் அரங்கில் இருந்தது.

அங்கிருந்து முற்றத்தைக் கடந்து சாய்தளம் ஏறி மேல்மாடிக்குப் போனால், மண்பானைகள், நெசவு, ஊர் ஊராக மாறும் உடைகள். வேறெந்த நாட்டின் அரங்கிலும் இருப்பவைதான். பிறகு இறங்கி வந்தால் பள்ளிக்கூடம், நிலம், போர் பற்றிய ஜோசெப் ரெனாவின் ஒட்டுப்பட வேலைகள். படிக்கட்டு ஓரமாக மிரோ வரைந்த கத்தலான் உழவன், கையில் அரிவாளோடு.

இந்த வரிசையை நினைத்துக்கொண்டுதான் அந்த நூலக முற்றத்தில் நின்றேன். பானையும் பாவாடையும் மற்ற அரங்குகளில் வெறும் பானை, வெறும் பாவாடை. கைவினை, பாரம்பரியம் என்ற தலைப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். ஆனால் குவெர்னிகாவைக் கடந்து வந்த கண்ணுக்கு அது ஒரு வீட்டுப் பானை. நேற்றுவரை யாரோ ஒருத்தி தண்ணீர் எடுத்த பானை, இன்று அந்த வீடு இருக்கிறதோ இல்லையோ. என் தம்பி மகள் அங்கே வந்திருந்தால் பாட்டி வீடு எங்கே என்று கேட்டிருக்க மாட்டாள். அதை அவள் பார்த்திருப்பாள்.

அந்த அரங்கில் எதையும் பெருமையாகக் காட்டவில்லை. எங்களை இப்படிச் செய்துவிட்டார்கள், நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று வந்தவரிடம் சொன்னார்கள். பிரான்ஸும் பிரிட்டனும் தலையிடாக் கொள்கை என்று ஒதுங்கி நின்ற காலம். உதவி வரவில்லை. 1939 ஏப்ரலில் குடியரசு தோற்றது. அரங்கைப் பிரித்தபோது மிரோவின் உழவன் தொலைந்துபோனான். வாசலில் நின்ற ஆல்பெர்டோ சாஞ்செஸின் நெடிய சிற்பமும் தொலைந்தது. ஸ்பானிய மக்களுக்கு ஒரு நட்சத்திரத்துக்குப் போகும் பாதை உண்டு என்பது அதன் பெயர். குவெர்னிகா பல ஊர்கள் சுற்றி நியூயார்க்கில் தங்கியது. ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பிய பிறகுதான் ஓவியம் திரும்ப வேண்டும் என்று பிக்காஸோ சொல்லியிருந்தார். 1981-ல் அது வந்தது. இப்போது மாட்ரிடில் இருக்கிறது.

அப்புறம் ஜெர்மனியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு மேற்கு ஜெர்மனி வந்தபோது, ஏகோன் ஐயர்மானும் செப் ரூஃபும் எட்டுக் கண்ணாடிக் கட்டடங்களைத் தோட்டத்தைச் சுற்றி வைத்துப் பாலங்களால் இணைத்தார்கள். கோபுரமும் கழுகும் இல்லை. இருபத்தொரு வருடம் முன்பு நின்ற கட்டடத்துக்கு ஒவ்வொரு தூணிலும் பதில் சொன்னார்கள். 1967 மாண்ட்ரியலில் ஃப்ரை ஓட்டோவும் ரோல்ஃப் குட்புரோடும் எஃகு வலைக்கு அடியில் துணி தொங்கவிட்ட ஒரு கூடாரமே போட்டுவிட்டார்கள், காற்றில் விரித்த சிறகு மாதிரி. நாடு ஒன்று தன் பழைய அரங்கைப் பார்த்து வெட்கப்பட முடியும் என்பதை நான் அதில் பார்க்கிறேன். அந்த வெட்கம் பெரிய விஷயம். அதே 1958-ல், அதே பிரஸ்ஸல்ஸில், பெல்ஜியம் தன் காலனியான காங்கோவில் இருந்து மனிதர்களைக் கூட்டிவந்து மூங்கில் வேலிக்குள் ஒரு கிராமமாக உட்காரவைத்தது. வேடிக்கை பார்த்தவர்களின் கேலி தாங்காமல் அவர்கள் பாதியில் ஊர் திரும்பினார்கள். இரண்டு வருடத்தில் காங்கோ விடுதலை அடைந்தது. லண்டனில் நின்ற யானைதான் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

துபாயில் பார்த்த நம் அரங்கைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. ராக்கெட்டும் நம்முடையதுதான், அதைக் காட்டத்தான் வேண்டும். அந்த வாரம் தமிழ்நாட்டுக்கென்று தனிப் பகுதி திறந்தபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் 600 பலகைகளில் ஒன்றிலாவது, ஒரு கொல்லைக் கிணற்றின் உருளையும் கயிறும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரர் இது என்ன என்று நின்று கேட்டிருப்பார். பதில் சொல்ல எட்டு வயதுக்காரி ஒருத்தி அங்கே இருந்தாள்.

நூலகத்தில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நாலைந்து பேர் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதானவர் பெரிய ஆவணப் பெட்டி ஒன்றைத் திறந்துவைத்து, கையுறை போட்ட விரலால் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் வெளியே வந்து, முற்றத்தை நாலு படம் எடுத்து, குவெர்னிகாவின் படத்தையும் சேர்த்துத் தம்பி மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இப்போது அவளுக்குச் சொந்தமாகக் கைபேசி இருக்கிறது.

மெட்ரோ படியிறங்கும்போது பதில் வந்தது. "கட்டடம் ஸ்கூல் மாதிரி இருக்கு பெரியப்பா." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "அந்தப் படத்துல குதிரை ஏன் கத்துது?"

ரயில் வந்தது. ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தட்டச்ச ஆரம்பித்தேன். "அன்று திங்கட்கிழமை, குவெர்னிகாவில் சந்தை நாள்."